54 வோல்ட்டும் 50 டிகிரியும்

இயற்பியல் வினாத்தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் கணக்கு ஒன்று உண்டு. "ஓர் எலெக்ட்ரானின் அலைநீளம் 1.65 ஆங்ஸ்ட்ராம். அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு?" அவ்வளவுதான் கேள்வி. கொடுக்கப்பட்டிருப்பதும் ஒரே ஓர் எண்தான்.

இந்தக் கணக்கை ஒரு வகுப்பில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு விடைகள் வரும். ஒரு சாரார் 7,500 எலெக்ட்ரான் வோல்ட் என்பார்கள். மற்றொரு சாரார் 55 எலெக்ட்ரான் வோல்ட் என்பார்கள். இரண்டுக்கும் இடையே நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது! பெருக்கல் வகுத்தலில் ஏற்பட்ட தவறு என்று சொல்லிவிட முடியாது. இரு சாராரும் அவற்றைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். அவர்கள் போன வழிதான் வேறு.

எது சரியான வழி? ஆசிரியரைக் கேட்டால் சொல்லிவிடுவார். ஆனால் இயற்கையையே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஏனென்றால் 1.65 ஆங்ஸ்ட்ராம் என்பது வினாத்தாள் எழுதியவர் மனம்போன போக்கில் போட்ட எண் அன்று. 1927-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் மெய்யாகவே அளந்து பெற்ற எண் அது. அந்த எலெக்ட்ரான்களுக்கு எவ்வளவு ஆற்றல் ஊட்டப்பட்டது என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே முதலில் அந்தச் சோதனையைப் பார்ப்போம். பிறகு கணக்குக்கு வருவோம்.

உடைந்த குப்பி

பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் கிளிண்டன் டேவிசன் என்ற விஞ்ஞானி வேலை செய்துவந்தார். லெஸ்டர் ஜெர்மர் என்ற இளைஞர் அவருக்குத் துணையாக இருந்தார். அந்நாளில் தொலைபேசிக்கும் வானொலிக்கும் உயிர்நாடி வெற்றிடக் குழாய்கள்தாம். குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் உலோகத்தில் மோதும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது கம்பெனிக்குத் தேவையாக இருந்தது. எனவே டேவிசன் ஒரு நிக்கல் துண்டைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, காற்றை வெளியேற்றி, அதன்மீது எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி, அவை எந்தெந்தத் திசையில் எவ்வளவு சிதறுகின்றன என்று அளந்துவந்தார். 'எலெக்ட்ரான் ஓர் அலை' என்று நிரூபிக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவருக்கு அப்போது கிடையாது.

1925-ஆம் ஆண்டில் ஒருநாள் அருகில் இருந்த திரவக் காற்றுக் குப்பி வெடித்தது. கண்ணாடிக் குழாய் உடைந்து காற்று உள்ளே புகுந்தது. சூடாக இருந்த நிக்கல்மீது ஆக்சைடு படிந்துவிட்டது. துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை வைத்திருக்கலாம். அவர்களோ அதையே நெடுநேரம் உயர்ந்த வெப்பநிலையில் காய்ச்சி, ஆக்சைடை நீக்கி, மறுபடியும் சோதனையைத் தொடங்கினார்கள்.

இப்போது முடிவுகள் அடியோடு மாறியிருந்தன! சில திசைகளில் எலெக்ட்ரான்கள் கூட்டமாக வந்தன. சில திசைகளில் குறைந்தன. குழாயை அறுத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. முன்பு அந்த நிக்கல் எண்ணற்ற சிறு படிகங்களால் ஆனதாக இருந்தது. நெடுநேரம் காய்ச்சியதில் அவை ஒன்று சேர்ந்து ஒரு சில பெரிய படிகங்களாகிவிட்டன. படிகத்தில் அணுக்கள் வயலில் நட்ட நாற்றுப்போல வரிசை வரிசையாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வரிசைதான் எலெக்ட்ரான்களை வழிநடத்தியது.

எப்படி வழிநடத்தியது என்பதற்கு விடை ஐரோப்பாவில் கிடைத்தது. 1924-ஆம் ஆண்டில் பாரிஸ் பல்கலைக் கழகத்தில் லூயி டி பிராய் என்பவர் தம் ஆய்வுரையை அளித்திருந்தார். (எழுத்தைப் பார்த்து 'பிராக்லி' என்று படிப்பவர்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஏறக்குறைய 'பிராய்' என்றே உச்சரிக்கிறார்கள்.) அலை என்று கருதப்பட்ட ஒளி சில சமயம் துகள்போல நடந்துகொள்கிறது; அப்படியானால் துகள் என்று கருதப்படும் எலெக்ட்ரான் ஏன் அலைபோல நடந்துகொள்ளக் கூடாது என்று அவர் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. அந்த அலையின் நீளத்துக்கு ஒரு சூத்திரமும் தந்தார்:

அலைநீளம் = பிளாங்க் மாறிலி ÷ உந்தம்

1926-ஆம் ஆண்டுக் கோடையில் டேவிசன் இங்கிலாந்து சென்றபோது ஆக்ஸ்போர்டில் ஒரு விஞ்ஞான மாநாடு நடந்தது. மாக்ஸ் போர்ன் பேசினார். எலெக்ட்ரான் அலைக்குச் சான்று இருக்கிறது என்று அவர் எடுத்துக்காட்டியவற்றில் டேவிசனே முன்பு வெளியிட்ட வரைபடங்களும் இருந்தன! தம் வரைபடத்தின் பொருளைப் பிறர் சொல்லக் கேட்ட டேவிசன், ஊர் திரும்பியதும் ஒற்றைப் படிக நிக்கலை வைத்து முறையாகத் தேடத் தொடங்கினார். 1927-இன் தொடக்கத்தில் தேடியது கிடைத்தது.

படிகம் காட்டிய கோணம்

சோதனையின் அமைப்பு எளியது. சூடான இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிவருகின்றன. ஒரு மின்னழுத்தம் அவற்றை விரைவுபடுத்துகிறது. அவை நிக்கல் படிகத்தின் முகத்தில் நேர் செங்குத்தாக விழுந்து சிதறுகின்றன. ஒரு சிறு பெட்டி வில்போன்ற பாதையில் நகர்ந்து, ஒவ்வொரு கோணத்திலும் எத்தனை எலெக்ட்ரான்கள் வருகின்றன என்று பார்க்கிறது.

மின்னழுத்தம் 40 வோல்ட்டாக இருந்தபோது வரைபடத்தில் தனியாகக் குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை. 44 வோல்ட்டில் ஒரு சிறு புடைப்பு தோன்றியது. 54 வோல்ட்டில் அது நன்றாக எழும்பி நின்றது. மேலும் கூட்டியபோது மெல்ல மெல்ல அடங்கி, 68 வோல்ட்டில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 54 வோல்ட்டில் புடைப்பு நின்ற இடம், எலெக்ட்ரான்கள் வந்த திசையிலிருந்து 50 டிகிரி.

இந்தக் கோணத்திலிருந்து அலைநீளத்தைக் கண்டுபிடிக்கலாம். படிகத்தின் முகத்தில் அணு வரிசைகள் 2.15 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இருக்கின்றன. (ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்.) இந்த இடைவெளியை எக்ஸ் கதிர்கள் முன்பே அளந்து சொல்லியிருந்தன. பக்கத்துப் பக்கத்து வரிசைகளிலிருந்து சாய்வாகப் புறப்படும் இரண்டு அலைகளில் ஒன்று மற்றதைவிடச் சற்று அதிகத் தூரம் செல்ல வேண்டும். அந்த அதிகத் தூரம் சரியாக ஓர் அலைநீளமாக இருந்தால், முகடு முகட்டோடு சேரும், அலை வலுக்கும். ஆகவே,

அலைநீளம் = வரிசை இடைவெளி × சைன் 50° = 2.15 × 0.766 = 1.65 ஆங்ஸ்ட்ராம்

நம் வினாத்தாளில் உள்ள எண் இதுதான். இதைப் பெறுவதற்கு மின்னழுத்தம் எவ்வளவு என்று நாம் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் அளவுகோலும் ஒரு கோணமானியும் போதுமானவையாக இருந்தன.

இப்போது கணக்கு

டி பிராய் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் உந்தம் கிடைக்கும். பிளாங்க் மாறிலி 6.626 × 10⁻³⁴ ஜூல் வினாடி. 1.65 ஆங்ஸ்ட்ராம் என்பது 1.65 × 10⁻¹⁰ மீட்டர். ஒன்றை மற்றதால் வகுத்தால்,

உந்தம் = 4.016 × 10⁻²⁴ கிலோகிராம் மீட்டர்/வினாடி

உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. இரண்டையும் இணைத்தால்,

இயக்க ஆற்றல் = உந்தத்தின் வர்க்கம் ÷ (2 × நிறை)

எலெக்ட்ரானின் நிறை 9.109 × 10⁻³¹ கிலோகிராம். உந்தத்தின் வர்க்கம் 1.613 × 10⁻⁴⁷. இதை 1.822 × 10⁻³⁰ ஆல் வகுத்தால் 8.85 × 10⁻¹⁸ ஜூல் வருகிறது.

ஜூல் என்பது எலெக்ட்ரானுக்கு மிகப் பெரிய அலகு. மூட்டை தூக்கும் தராசில் மிளகு நிறுப்பதுபோல இருக்கும். அதனால்தான் எலெக்ட்ரான் வோல்ட் என்ற சிறிய அலகை வைத்திருக்கிறோம். ஓர் எலெக்ட்ரான் 1 வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும்போது பெறும் ஆற்றல் அது, 1.602 × 10⁻¹⁹ ஜூல். நம் விடையை இதனால் வகுத்தால்,

இயக்க ஆற்றல் = 55.3 எலெக்ட்ரான் வோல்ட்

டேவிசனின் கருவியில் இருந்த மின்னழுத்தம் 54 வோல்ட். ஆகவே அந்த எலெக்ட்ரான்கள் ஒவ்வொன்றும் பெற்ற ஆற்றல் 54 எலெக்ட்ரான் வோல்ட். படிகம் சொல்வது 55. மின்கலம் சொல்வது 54. நிக்கல் படிகத்துக்கு மின்கலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆயினும் அது காட்டிய கோணத்திலிருந்து, மின்கலத்தின் வோல்ட்டை ஏறக்குறைய சரியாகப் படித்துவிட்டோம்! டி பிராய் சொன்னது வெறும் ஊகம் அன்று என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்த ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலான வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அலைநீளத்தின் வர்க்கம் இந்தக் கணக்கில் வருவதால், அலைநீளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை இருந்தால் ஆற்றலில் நூற்றுக்கு இரண்டு பங்கு பிழை வந்துவிடும். கோணத்தை 50-க்குப் பதிலாக 51 டிகிரி என்று வைத்துப் பாருங்கள். அலைநீளம் 1.67 ஆங்ஸ்ட்ராம் ஆகும். ஆற்றல் 54-க்கு வந்துவிடும். ஒரு டிகிரி அளவில்தான் வேறுபாடு.

7,500 எங்கிருந்து வந்தது?

முதல் சாராரைக் கைவிட்டுவிட வேண்டாம். அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ஒளியைப் பற்றிய பாடத்தில் ஒரு சூத்திரம் படித்திருக்கிறோம்: ஆற்றல் = பிளாங்க் மாறிலி × அதிர்வெண். ஒளியின் அதிர்வெண் என்பது ஒளியின் வேகத்தை அலைநீளத்தால் வகுத்தது. ஆகவே ஆற்றல் = பிளாங்க் மாறிலி × ஒளியின் வேகம் ÷ அலைநீளம். இதில் 1.65 ஆங்ஸ்ட்ராமைப் போட்டால் 7,514 எலெக்ட்ரான் வோல்ட் வருகிறது.

டார்ச் விளக்குக்குப் போடும் ஒன்றரை வோல்ட் செல்கள் 36-ஐ வரிசையாக இணைத்தால் 54 வோல்ட் கிடைத்துவிடும். டேவிசனின் எலெக்ட்ரான்களுக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. 7,500 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் ஊட்ட வேண்டுமானால் 5,000 செல்கள் வேண்டும். கொடுக்காத ஆற்றல் எலெக்ட்ரானிடம் எப்படி வரும்? ஆகவே அந்த விடை எலெக்ட்ரானுக்குப் பொருந்தாது.

தவறு நேர்ந்த இடம் இதுதான்: ஒளியின் வேகத்தைக் கணக்கில் புகுத்தியது. நம் எலெக்ட்ரான் வினாடிக்கு 4,400 கிலோமீட்டர் செல்கிறது. நமக்கு அது பெரிய வேகம். ஒளியின் வேகத்திலோ அது 68-இல் ஒரு பங்கே.

"அப்படியானால் ஒளியின் வேகத்தை எடுத்துவிட்டு எலெக்ட்ரானின் வேகத்தைப் போட்டால் சரியாகிவிடுமா?" என்று கெட்டிக்கார மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். போட்டுப் பாருங்கள். 110 எலெக்ட்ரான் வோல்ட் வரும். சரியான விடையைப்போல் மிகச் சரியாக இரு மடங்கு! பிளாங்க் மாறிலியை அலைநீளத்தால் வகுத்தால் உந்தம். அதை வேகத்தால் பெருக்கினால் நிறை × வேகத்தின் வர்க்கம். இயக்க ஆற்றல் அதில் பாதிதானே? எலெக்ட்ரான் அலையின் முகடுகள் எலெக்ட்ரானின் வேகத்தில் செல்வதில்லை என்பதே இதன் உட்பொருள். குளத்தில் கல்லை எறிந்துவிட்டு உற்றுப் பார்த்தால், அலைக்கூட்டம் ஒரு வேகத்திலும் அதனுள் இருக்கும் தனித்தனி முகடுகள் வேறொரு வேகத்திலும் போவதைக் காணலாம். எலெக்ட்ரானின் வேகம் கூட்டத்தின் வேகம். முகட்டின் வேகம் அன்று. இந்த விஷயத்தில் இப்போது அதிகம் இறங்க வேண்டாம். அலைநீளத்திலிருந்து ஆற்றலுக்குப் போகும்போது அதிர்வெண் வழியாகப் போகாமல் உந்தத்தின் வழியாகப் போனால் இந்தக் குழப்பமே வராது.

ஒளிக்கும் எலெக்ட்ரானுக்கும் பொதுவாக இருப்பது உந்தச் சூத்திரம். அலைநீளம் ஒன்றாக இருந்தால் உந்தமும் ஒன்றாக இருக்கும். அலை எதனுடையதாக இருந்தாலும் சரி. ஆற்றல் அப்படி அன்று. ஒரே உந்தத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்பது நிறையைப் பொறுத்தது.

7,500 என்பது பொருளற்ற எண்ணும் அன்று. 1.65 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள எக்ஸ் கதிரின் ஒரு ஃபோட்டானுக்கு அதுவே சரியான ஆற்றல். படிகங்களை ஆராயப் பெரிதும் பயன்படும் செம்பு எக்ஸ் கதிரின் அலைநீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், அதன் ஆற்றல் ஏறத்தாழ 8,050 எலெக்ட்ரான் வோல்ட். எனவேதான் எக்ஸ் கதிர்க் குழாய்க்குப் பல்லாயிரம் வோல்ட் தேவைப்படுகிறது. அதே நிக்கல் படிகத்தில் அதே அளவு அலைநீளத்துக்கு எலெக்ட்ரான்களிடம் 54 வோல்ட்டே போதும். ஆனால் அவ்வளவு குறைந்த ஆற்றலோடு வரும் எலெக்ட்ரான் மேலே உள்ள சில அணு அடுக்குகளுக்குக் கீழே போவதில்லை. எக்ஸ் கதிரோ படிகத்துக்குள் ஆழமாகச் செல்லும். உலோகத்தின் மேற்பரப்பை மட்டும் ஆராய விரும்புவோர் மெதுவான எலெக்ட்ரான்களை நாடுவது இதனால்தான்.

ஒரு குறுக்கு வழி

ஒவ்வொரு முறையும் பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. மாறிலிகளை எல்லாம் ஒருமுறை பெருக்கி வகுத்து வைத்துக்கொண்டால்,

எலெக்ட்ரானின் இயக்க ஆற்றல் (எலெக்ட்ரான் வோல்ட்டில்) = 150.4 ÷ அலைநீளத்தின் வர்க்கம் (ஆங்ஸ்ட்ராமில்)

1.65-இன் வர்க்கம் 2.72. வகுத்தால் 55.3. பத்து வினாடி வேலை! இதையே திருப்பினால், 12.26-ஐ வோல்ட்டின் வர்க்கமூலத்தால் வகுத்து அலைநீளத்தைப் பெறலாம்.

எண்ணை மனப்பாடம் செய்வதைவிட வர்க்கம் இருப்பதை மனத்தில் வையுங்கள். அலைநீளத்தைப் பாதியாக்கினால் ஒளியின் ஆற்றல் இரு மடங்காகும். எலெக்ட்ரானின் ஆற்றல் நான்கு மடங்காகும். 1 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்கு எக்ஸ் கதிர் ஃபோட்டானின் ஆற்றல் 12,400 எலெக்ட்ரான் வோல்ட், எலெக்ட்ரானுக்கு 150. எலெக்ட்ரானைப்போல் 1,839 மடங்கு நிறையுள்ள நியூட்ரானுக்கு வெறும் 0.082 எலெக்ட்ரான் வோல்ட்தான். அறை வெப்பநிலையில் உள்ள பொருள்களின் அணுக்கள் அசையும் ஆற்றலை ஒட்டியது இது. எனவே அணு உலையில் தணிந்த நியூட்ரான்கள் அணு இடைவெளிகளை அளக்கவும், அணுக்களின் அசைவைக் கணிக்கவும் ஒருங்கே பயன்படுகின்றன. இத்துறையில் வழி வகுத்த பிராக்ஹவுசுக்கும் ஷல்லுக்கும் 1994-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சூத்திரம் சறுக்கும் இடம்

இதுவரை எல்லாம் சுகம். இப்போது வேறொரு கணக்கு. ஓர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எலெக்ட்ரான்களின் அலைநீளம் 0.037 ஆங்ஸ்ட்ராம். இயக்க ஆற்றல் எவ்வளவு?

குறுக்கு வழியில் போனால் ஏறத்தாழ 1,10,000 எலெக்ட்ரான் வோல்ட் வரும். நுண்ணோக்கியின் மின்னழுத்த மானியைப் பார்த்தால் 1,00,000 வோல்ட் என்று காட்டுகிறது. நூற்றுக்குப் பத்து தவறு! அளந்தவரின் பிழை அன்று இது. எலெக்ட்ரான் இப்போது ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் நாம் பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரம் செல்லாது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையிடம் போக வேண்டும்.

பயப்பட வேண்டாம். பிதாகரஸ் தேற்றம் தெரிந்தால் போதும். ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். அடிப்பக்கம் எலெக்ட்ரானின் ஓய்வு ஆற்றல். அதாவது சும்மா நிற்கும்போதே அதன் நிறையில் அடங்கியிருக்கும் ஆற்றல். அது 511 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட். செங்குத்துப் பக்கம், உந்தத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி வருவது. கர்ணம், எலெக்ட்ரானின் மொத்த ஆற்றல். கர்ணத்திலிருந்து அடிப்பக்கத்தைக் கழித்தால் வருவது இயக்க ஆற்றல்.

செங்குத்துப் பக்கத்தைக் கவனித்தீர்களா? உந்தம் × ஒளியின் வேகம் என்பது, பிளாங்க் மாறிலி × ஒளியின் வேகம் ÷ அலைநீளம். முதல் சாரார் ஆற்றல் என்று நினைத்துக் கண்டுபிடித்த அதே தொகை! அவர்கள் முக்கோணத்தின் ஒரு பக்கத்தைச் சரியாக அளந்துவிட்டு, அதையே விடை என்று எழுதிவிட்டார்கள்.

நுண்ணோக்கிக் கணக்கைப் போடுவோம். 0.037 ஆங்ஸ்ட்ராமுக்குச் செங்குத்துப் பக்கம் 335 ஆயிரம். 335-இன் வர்க்கம் 1,12,225. 511-இன் வர்க்கம் 2,61,121. கூட்டினால் 3,73,346. வர்க்கமூலம் 611. அதிலிருந்து 511 போக மீதி 100. ஆக, 100 ஆயிரம் எலெக்ட்ரான் வோல்ட். மானி காட்டியது சரி.

இதே முக்கோணத்தை டேவிசனின் எலெக்ட்ரானுக்கும் வரையலாம். அடிப்பக்கம் 511 ஆயிரம். செங்குத்துப் பக்கம் வெறும் 7.5 ஆயிரம். படுத்துக் கிடக்கும் முக்கோணம்! கர்ணம் அடிப்பக்கத்தைவிட எவ்வளவு நீளம் என்று பார்த்தால், 0.055 ஆயிரம், அதாவது 55 எலெக்ட்ரான் வோல்ட். பழைய விடையே வந்துவிட்டது. முக்கோணம் இப்படிப் படுத்திருக்கும் வரை எளிய சூத்திரம் போதும். அலைநீளம் 0.1 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறையாத வரை பிழை நூற்றுக்கு ஒன்றரையைத் தாண்டாது. 0.0243 ஆங்ஸ்ட்ராமில் இரு பக்கங்களும் சமமாகிவிடும். 'காம்ப்டன் அலைநீளம்' என்று பெரிய வகுப்புகளில் படிப்பது இதைத்தான்.

இந்த நுண்ணோக்கியைப் பற்றி ஒரு செய்தி. பெர்லினில் 1931-இல் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் க்னோலும் முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை அமைத்தபோது, எலெக்ட்ரானுக்கு அலை உண்டு என்ற செய்தியே ருஸ்காவுக்கு எட்டியிருக்கவில்லை. பின்னால் கேள்விப்பட்டபோது, இங்கும் ஓர் அலைநீளம் வந்து குறுக்கே நிற்கிறதே என்று அவர் மனம் சோர்ந்தாராம். பிறகு டி பிராய் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தார். ஒளியின் அலைநீளத்தைவிட அது ஏறத்தாழ லட்சம் மடங்கு சிறியது என்று தெரிந்ததும் நிம்மதி அடைந்தார். 1986-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டேவிசனுக்கு 1937-லேயே கிடைத்துவிட்டது. உலோகத் தகடுகளின் ஊடே எலெக்ட்ரான்களைச் செலுத்தி இதே உண்மையைத் தனியாகக் கண்ட ஜி. பி. தாம்சன் அவரோடு பரிசைப் பகிர்ந்துகொண்டார். எலெக்ட்ரான் ஒரு துகள் என்று 1897-இல் காட்டிய ஜே. ஜே. தாம்சனின் மகன் அவர்!

முக்கோணத்தை மறுபக்கமும் இழுத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் இரண்டு மைல் நீளமுள்ள முடுக்கி ஒன்று 1966-இல் இயங்கத் தொடங்கியது. அதில் எலெக்ட்ரான்களுக்கு 2,000 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் ஊட்டப்பட்டது. அப்போது அலைநீளம் ஓர் ஆங்ஸ்ட்ராமில் ஒரு கோடியில் ஆறு பங்கு. புரோட்டானின் விட்டத்தைவிடவும் இருபத்தைந்து மடங்குக்கு மேல் சிறியது. புரோட்டானுக்குள்ளும் சிறு துகள்கள் இருக்கின்றன என்பதை அந்த எலெக்ட்ரான்களே காட்டின. இந்த முக்கோணத்தில் செங்குத்துப் பக்கம் 2,000 கோடி. அடிப்பக்கம் ஐந்து லட்சத்துச் சொச்சம். கர்ணத்துக்கும் செங்குத்துப் பக்கத்துக்கும் வேறுபாடே தெரியாது. ஆகவே அங்கே பிளாங்க் மாறிலி × ஒளியின் வேகம் ÷ அலைநீளம் என்று போட்டாலே எலெக்ட்ரானின் ஆற்றல் சரியாக வந்துவிடும். நம் முதல் சாரார் ஸ்டான்ஃபோர்டில் பரீட்சை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்!

கடைசியாக, நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. படக்குழாய் வைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் எலெக்ட்ரான்கள் 0.1 ஆங்ஸ்ட்ராம் அளவு அலைநீளத்தோடு திரையில் மோதின. அந்த எலெக்ட்ரானின் இயக்க ஆற்றலை எளிய சூத்திரத்தாலும் முக்கோணத்தாலும் கண்டுபிடியுங்கள். அதே அலைநீளமுள்ள எக்ஸ் கதிர் ஃபோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் ஆற்றல் என்ன?

(விடை: எலெக்ட்ரானுக்கு எளிய சூத்திரப்படி 15,040, முக்கோணப்படி ஏறத்தாழ 14,800, ஃபோட்டானுக்கு 1,24,000, நியூட்ரானுக்கு 8.2. எல்லாம் எலெக்ட்ரான் வோல்ட்டில்.)